மலை விழுங்கிய சூரியனும் தரணேந்திரன் டப்பாவும்

அக்கா பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து சட்டையில் வட்டமாக ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தாள். 'மரியாதைத் தூதர்' என்று போட்டிருந்தது. வகுப்பில் யாரையும் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலையாம். அதைச் சொல்லிக்கொண்டே தம்பி தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். சிரித்தபடி அவளுடைய டிபன் டப்பாவைக் கழுவத் திறந்தேன். மிச்சம் வைத்த புளிச்சோறு. அந்த நல்லெண்ணெய் வாசனை என்னை நேரே திருவண்ணாமலைக்கு, பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. இருட்டும்வரை எங்களைப் பிடித்துவைத்துக் கணக்குப் போடுவார்கள். கணக்கு ஏறாது, பசி மட்டும் ஏறும். நடுவே ஓர் இடைவேளை உண்டு. தரணேந்திரன் என்று ஒருவன், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சமணர் வீட்டுப் பையன் (எங்கள் பக்கத்தில் அவர்களை நயினார் என்போம்), ராத்திரிச் சாப்பாட்டை அப்போதே முடித்துவிடுவான். பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். இடைவேளையை விட்டால் அவனுக்கு மறுநாள் காலையில்தான் சோறு.

இது சேகருக்குத் தெரிந்ததுதான் வினை. வகுப்பிலேயே நெட்டையன் அவன். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு வேறென்னதான் செய்வது? டப்பாவைப் பிடுங்கி ஓட்டுக்கூரைச் சந்தில் செருகிவிடுவான். எங்கள் பள்ளி மலைக்குக் கிழக்கே. மற்ற ஊர்களில் சூரியன் நிதானமாக மறையும், எங்கள் ஊரில் மலை அதை முன்கூட்டியே விழுங்கிவிடும். வானம் வெளிச்சமாகத்தான் இருக்கும், ஆனால் மைதானத்தில் நிழல் படர்ந்துவிடும். அப்போது சேகர் டப்பாவை இறக்கி, பூசாரி தட்டை நீட்டுவதுபோல நீட்டுவான்.

"சூரியன் பூடுச்சே நயினாரே! இனிமே துன்னா பாவமாச்சே!"

மலைக்குப் பின்னால் போனால் மறைந்ததாகக் கணக்கா, இல்லையா? தரணேந்திரனுக்கே சந்தேகம். சந்தேகத்தோடு சாப்பிட மனசு வராமல் டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துக்கொள்வான். அண்ணாமலையார்மேல் எனக்கு ரொம்பப் பிரியம்தான். ஆனால் அந்த வருடம் அவர் சேகர் கட்சி.

வாத்தியாரிடம் சொன்னோம். அவர் பெரிய நியாயஸ்தர். ஒளித்தவனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் பிரம்படியைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தார்.

ஒருநாள் தரணேந்திரன் பசியில் பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தான். மறுநாள் அவன் அப்பா வந்துவிட்டார்.

"படிப்பு போனா போவுது சார். எனக்குப் புள்ள வேணும். சனிக்கெழமையோட நிறுத்திக்கறேன்."

எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெஞ்சுக்காரி மல்லிகாவுக்கு அதைவிட. ஊரறிந்த வாயாடி அவள்.

"ஒரு டப்பானாதான ஒளிப்பான்? எல்லாரும் கொண்டாங்க, அவன்கூடவே துன்னலாம். எத்தினிய ஒளிக்கறான், பாக்கறேன்."

எங்களுக்கு இதில் தர்மம் பாதி, பசி பாதி. கருவாடில்லாமல் சோறு இறங்காத நான்கூட அவன் பக்கத்தில் உட்காருகிறோமே என்று மோர்ச்சோறு கட்டிக்கொண்டு போனேன். மணி அடித்ததும் வகுப்பே தரணேந்திரனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. சேகர் மட்டும் வெறுங்கையோடு நெட்டையாக நின்றான். தரணேந்திரன் டப்பா மூடியில் புளிச்சோறு எடுத்து வைத்தான்.

"ஒக்காரு சேகரு. நேரமாவுது."

சேகர் மலையைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான், உட்கார்ந்தான். அடுத்த நாளே வராந்தாவில் காவலுக்கு நின்றுகொண்டு, "நெழலு கொடிக்கம்பத்துக்கு வந்துடுச்சு! சீக்கிரம் துன்னுங்கடா!" என்று எங்களை விரட்ட ஆரம்பித்தான். அதட்டல் மட்டும் அப்படியேதான் இருந்தது.

சனிக்கிழமை மகனைக் கூட்டிப்போக வந்த அப்பா வாசலிலேயே நின்று பார்த்தார். "நீங்களும் ஒக்காருங்க, நேரமாவுது" என்று அவரையும் அதட்டினான் சேகர். அவர் உட்காரவில்லை. மகனையும் கூப்பிடவில்லை.

"திங்கக்கெழம கொஞ்சம் ஜாஸ்தியாவே குடுத்தனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார்.

இப்போது பள்ளிக்கும் மலைக்கும் நடுவே லாட்ஜுகள் எழும்பிவிட்டன. எது மலை நிழல், எது மாடி நிழல் என்று தெரிவதில்லை. அது போகட்டும். பிற்பாடு நானும் எத்தனையோ ஆபீஸ் கேன்டீன்களில் சாப்பிட்டுவிட்டேன். ஒருத்தனுக்காக ஒரு கூட்டத்துக்கே சீக்கிரம் பசித்ததை வேறெங்கும் பார்க்கவில்லை.