பார்க்கிங் இல்லாத பழமை

ஊட்டியில் எங்களுக்கு வாய்த்த டாக்சி டிரைவர் குரங்குக் குல்லாவைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். எந்த வியூ பாயிண்டில் நிறுத்தினாலும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்து நிற்கும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தொட்டபெட்டாவில் மூடுபனி. பக்கத்தில் நின்ற என் மனைவியே தெரியவில்லை. ஆனால் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. “சூப்பர் பாயிண்டுங்க” என்றார் டிரைவர். ஏதோ சினிமாவில் காதலர்கள் உருண்ட புல்மேட்டுக்கும் பயபக்தியோடு கூட்டிப்போனார்.

நான் ஊட்டிக்கு வந்ததே, சோலூர்ப் பக்கம் ஆதிகாலத்து மனிதர்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய கற்திட்டையைப் பார்க்கத்தான். சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

“ஏனுங்க, அந்தக் கல்லுங்களா? அங்க யாரும் போறதில்லீங்க.”

“இந்தக் கோயில் குளமெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே இருக்குங்க அது.”

“இருக்கட்டுங்க. பாக்க வேண்டிய எடமா இருந்தா, இத்தன காலத்துல ஒரு பார்க்கிங் உட்டிருக்க மாட்டாங்களா?”

எங்களைச் சாக்லேட் கடையில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே பார்க்கிங் அருமை.

போன மாதம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். காரைவிட்டு இறங்கியதும் என் கண் தானாகப் பார்க்கிங்கைத்தான் தேடியது. நிற்க இடமில்லாமல் வண்டிகள். பார்க்க வேண்டிய இடம்தான் என்று உறுதியான பிறகே தலையை நிமிர்த்திக் கோபுரத்தைப் பார்த்தேன்.