அந்தச் சுவரின் குளிர்ச்சி

அந்தச் சுவரின் குளிர்ச்சி பொய். அந்தப் பொய்யைக் கட்டியவன் நான்.

நீங்களும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு வந்திருக்கலாம். கனகபுரா சாலையில், ஏரியைத் தாண்டி, மண் நிறத்தில் நிற்கும் வீடு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ரெட் ஆக்ஸைடு தரையில் வெறுங்காலை வைத்து, கூடத்துச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து, "ஏசி இல்லாமலா இப்படி?" என்று கேட்டிருக்கலாம். நான் பக்கத்தில் நின்று சிரித்திருப்பேன். "மண்ணுக்குத் தெரியும்" என்று சொல்லியிருப்பேன். எத்தனை பேரிடம் சொன்னேன் அந்த வாக்கியத்தை... இப்போது நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

முந்தைய இரவு முழுக்க அந்த வீட்டில் ஏசி ஓடியிருந்தது. நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் அணைத்தோம். தடித்த மண் சுவர் குளிரை வாங்கிக்கொண்டால் மதியம் வரை விடாது. அது அந்தச் சுவரின் நல்ல குணம். அந்த நல்ல குணத்தையே என் பொய்க்குச் சாட்சி சொல்ல வைத்தேன். ஏசியின் வெளிப்பெட்டி பின்பக்கம், ஒரு மூங்கில் தட்டிக்குள் இருந்தது. அந்தத் தட்டியைக்கூட நீங்கள் அழகென்று படமெடுத்துப் போனீர்கள்.

நான் பெங்களூரில் வீடு வடிவமைக்கும் கட்டடக் கலைஞன். பசுமை வீடுகள்தாம் என் பெயர், என் பெருமை எல்லாம். சுடாத மண் கட்டி, சுண்ணாம்புப் பூச்சு, இடித்த வீடுகளிலிருந்து வாங்கிய பழைய தேக்கு, மின்சாரம் கேட்காமல் தானே வெதுவெதுப்பாகும் அறை... இவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். பேச்சில் பாதி உண்மையும்கூட. அதுதான் எரிச்சல். முழுப் பொய்யனாக இருந்திருந்தால் எப்போதோ பிடிபட்டிருப்பேன்.

கனகபுரா சாலை வீடு பிரசாத்துடையது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். மார்கழிக் குளிர் அவருக்கு ஆகாது. அதனால் தெற்குப் பக்கம் ஒரு கண்ணாடி அறை வைத்தேன். சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி, தரை கறுத்த கடப்பா கல். பகல் வெயிலைக் கல் குடித்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும், பக்கத்துப் படுக்கையறைக்கு அந்தச் சூட்டை மெல்லத் திருப்பித் தரும். குளிர்காலத்தில் அது அற்புதமாக வேலை செய்தது. சத்தியமாகச் செய்தது.

ஆனால் இது பனி பெய்யும் ஊர் அல்லவே! ஏப்ரலில் இங்கே சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கிறது. கண்ணாடிக் கூரைக்கு நேர் மேலே. முதலாமாண்டு மாணவனுக்கும் தெரியும் இது. எனக்கும் தெரியும். முதல் வரைபடத்தில், கூரையின் உச்சியில் திறந்து மூடும் பலகணிகளும், கோடையில் கண்ணாடி மேல் விரிக்க ஒரு தட்டியும் போட்டிருந்தேன். பிறகு நானே அழித்தேன். ஏன் தெரியுமா? வீட்டு மேல் பந்தல் போட்டது போலத் தெரிந்தது. படம் எடுத்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று வருடக்கணக்காகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

முதல் கோடையிலேயே பிரசாத் அழைத்தார். நான் போவதற்குள் ஏசி மாட்டிவிட்டிருந்தார். அதற்குள் அந்த வீட்டின் படங்கள் பத்திரிகையில் வந்து, ஊரெல்லாம் பேச்சாகியிருந்தது.

"கூரையை வெட்டித் திறப்பு வெச்சிரலாம் சார்" என்றேன், அரை மனதாக.

"இப்ப போய் வெட்டுனா நாலு பேர் என்ன கேப்பாங்க? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார். ஏசி வெளிய தெரியாம மட்டும் பண்ணிக் குடுங்க, போதும்."

அவர் மேல் பழி போட எனக்கு ஆசையாக இருக்கிறது. முடியாது. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரட்டும் என்றே நான் காத்திருந்தேன். அன்று மாலையே மூங்கில் தட்டியை வரைந்து கொடுத்தேன். மாதம் ஒரு ஞாயிறு வீட்டைத் திறந்து காட்டலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். காலை நேரம் என்று தீர்மானித்ததும் நான்தான்.

நீங்கள் மட்டும் என்ன? உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. சுவரைத் தொட்டீர்கள், கண்ணை மூடிக்கொண்டீர்கள், பெருமூச்சு விட்டீர்கள். ஒருவராவது ஏப்ரல் மதியத்தில் திரும்ப வந்து பார்த்தீர்களா? ஒருவராவது அந்தத் தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தீர்களா? நம்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டே வந்தீர்கள். நான் அதைச் சுலபமாக்கிக் கொடுத்தேன்... சரி, விடுங்கள். கோபப்பட எனக்கு என்ன தகுதி.

அப்படி ஒரு ஞாயிறு ரேவதி வந்தார்.

சேலத்துக்காரர். கணவனும் மனைவியும் ஐடி வேலை, பொம்மனஹள்ளியில் வாடகை வீடு. ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்து வைத்திருந்தார். தனலட்சுமி என்று பெயர். மூட்டுவாதம். இந்த ஊர்க் குளிரில் விரல்கள் மடங்கிப்போய், தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தார். சேலத்தில் மகன் இருந்தார். ஆனால் அந்த வீட்டில் மருமகள் அவரோடு பேசுவதில்லை. அம்மாவைக் கடைசி வரை தானே வைத்துக்கொள்ள வேண்டும், குளிர்காலத்திலும் அவருக்கு வலிக்காத ஒரு அறை வேண்டும். ரேவதி வீடு கட்ட நினைத்ததே இதற்காகத்தான்.

அவரும் சுவரில் கை வைத்தார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

ஓசூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி அவர்களுடைய சைட். அதே கண்ணாடி அறை, அதே கடப்பா கல், அதை ஒட்டி அம்மாவின் படுக்கையறை. படியே இல்லாமல், கட்டில் வரை சக்கர நாற்காலி போகும்படி வரைந்தேன். ஒரே ஒரு தடவை ரேவதி கேட்டார்.

"ஏசிக்கு ஒரு பாயிண்ட் மட்டும் விட்டு வைக்கலாங்களா சார்? சும்மா, ஒரு இதுக்கு."

"பாயிண்ட் விட்டா உங்களுக்கு வீட்டு மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்மா" என்றேன்.

அவர் வெட்கப்பட்டார். கேட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! அந்த நொடியில் என் நாக்கு அழுகி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

முதல் மார்கழி நன்றாகப் போயிற்று. ரேவதி ஒரு படம் அனுப்பினார். தனலட்சுமி அம்மா கடப்பா கல்லில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் கையாலேயே பூ தொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை நான் என் உரைகளில் காட்டினேன். கைதட்டல் வாங்கினேன்.

பிறகு கோடை வந்தது. அம்மா சாப்பிடுவதில்லை, இரவில் தூங்குவதில்லை, கண்ணாடி அறைப் பக்கம் கையைக் காட்டித் திட்டுகிறார் என்று ரேவதி அழைத்தார். ஒரு மாலை போனேன். காரைச் சரியாகக் கண்ணாடி அறைக்கு எதிரே, வாசலிலேயே நிறுத்தினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் படுக்கையறைக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் சூடு. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கல்லும் மண்ணும் உள்ளே கக்கிக்கொண்டிருந்தன. மார்கழியில் செய்த அதே வேலையை, அதே விசுவாசத்தோடு. கட்டிலில் தனலட்சுமி அம்மா ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குது தம்பி" என்றார். "இவகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்குறா."

ரேவதி என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அப்போது நான் சொல்லியிருக்கலாம். 'அம்மா சொல்றது சரி, தப்பு என்னோடது, கூரையில திறப்பு வைக்கணும், அதுவரைக்கும் அம்மாவை முன்னறையில படுக்க வைங்க.' இவ்வளவுதான். மூச்சு விடுவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம்.

"வெளியில விட இங்க கம்மியாத்தாம்மா இருக்கு" என்றேன். "பெரியவங்களுக்கு உடம்புச் சூடு. வயசானா அப்படித்தான் தோணும்."

"பாத்தியாம்மா? சாரே சொல்றாரு. அந்த கனகபுரா ரோட்டு வீட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க? உனக்கு எதுலயுமே திருப்தி கெடையாது."

தனலட்சுமி அம்மா மகளைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார்.

"தம்பி சட்டையும் நனைஞ்சிருக்குதே" என்றார்.

"வண்டிய தள்ளி நிறுத்திட்டு நடந்து வந்தேம்மா. அதான்."

அவர் கண்ணாடி அறை வழியே வெளியே பார்த்தார். என் கார் அங்கேயே நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். ஈரத் துண்டை எடுத்து மடித்து, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாலும் அந்த வீட்டில் எடுபடாது என்பதும் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே தன்னைச் சேலத்தில் கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டாராம். தாய்க்கும் மகளுக்கும் பெரிய சண்டை. "உனக்காகத்தான் இந்த வீட்டையே கட்டுனேன், உனக்குப் பிடிவாதம்" என்று ரேவதி கத்தினாராம். இதையும் ரேவதியேதான் பிறகு என்னிடம் சொன்னார், தன் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்துக்கொண்டு. நானும் தலையாட்டினேன்.

அடுத்த மார்கழிக்கு முன்பே தனலட்சுமி அம்மா சேலத்தில் இறந்துபோனார். என் கண்ணாடிக் கூரை அவரைக் கொன்றுவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. முதுமை, நோய், அவருடைய காலம். ஆனால் பேசாத மருமகளின் வீட்டில் இறந்தார். பிடிவாதக்காரி என்ற பெயரோடு இறந்தார். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர். அவரைப் பொய்க்காரியாக்கி அனுப்பியவன் நான்!

ஏன் ரேவதியிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இப்போது சொன்னால் அவர் தாங்கமாட்டார், அம்மாவை நம்பாமல் அனுப்பிவிட்டோம் என்று உடைந்துபோவார்... இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். கருணை மாதிரி இருக்கிறது, இல்லையா? தூ! அவர் என் முகத்தைப் பார்க்கப்போகும் அந்த ஒரு பார்வைக்குப் பயம். உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் ரேவதி இல்லை.

இந்தக் கோடையில் ரேவதி மறுபடி அழைத்தார். ஏசி மாட்ட வேண்டுமாம். வெளியே தெரியக் கூடாதாம். அவருடைய ஆபீஸ்காரர்கள் இப்போது அந்த வீட்டைப் பார்க்க வருகிறார்கள், வீடு கட்டக் கேட்டு வருபவர்களை நானும் அங்கே அனுப்பி வைக்கிறேன்.

போனேன். அதே அறை. கட்டில் இன்னும் அங்கேயே கிடந்தது. ரேவதி நெற்றியைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே, தப்புச் செய்துவிட்டவர் போலச் சிரித்தார்.

"வீட்டுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க சார். எனக்குத்தான் இப்பல்லாம் தாங்கறதில்ல. அம்மாவோட உடம்பு வாகு எனக்கும் வந்துருச்சு போல."

பக்கத்துக் கண்ணாடிக் கூரையைப் பார்த்தேன். வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துச் சொல்ல இப்போது அந்த அறையில் யாரும் இல்லை.

"இருக்கலாம்மா" என்றேன்.

பிறகு பையைத் திறந்து காகிதத்தை எடுத்து, பின்பக்கத்துச் சுவரை அளந்து, மூங்கில் தட்டியை வரையத் தொடங்கினேன்.