தீபாவளிக்கு வாங்கிய கத்தி

தீபாவளி போனஸ் வந்த அன்று சாயங்காலம் என் கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கூடக் கழற்றாமல், "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார். பட்டுப்புடவை என்ற பதிலை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். அடுக்களையில் என் மாமியாரும் கரண்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

"நல்லதா ஒரு கத்தி" என்றேன்.

மாமியார் வெளியே வந்தே விட்டார். "கத்தியா? ஆத்துல அரிவாமணை இருக்கு, பத்தாததுக்குக் காய் நறுக்கற கத்தி வேற ரெண்டு இருக்கு. தீபாவளிக்கு யாராவது கத்தி கேப்பாளோ?"

"அம்மா, அரிவாமணையத் தூக்கிண்டு ஸ்கூட்டர்ல போக முடியுமோ?" என்றார் இவர். அந்தக் கேள்வியிலேயே அவர் என் பக்கம் வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வீடு. நான் ஒரு பெண்கள் பள்ளியில் தாவரவியல் டீச்சர். அவருக்கு நந்தனத்தில் ஆபீஸ். அவருடைய மாமா ஊர் மாறிப் போனபோது விட்டுப்போன பழைய ஸ்கூட்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதில் ஏறி அடையாறு பாலத்தைத் தாண்டிப் போய்விடுவோம். திருவான்மியூருக்கு அப்பால் அப்போது சவுக்குத் தோப்பும் மணலும்தான். அங்கே என் வகுப்புக்கு வேண்டிய செடிகொடிகளைச் சேகரிப்பேன். அவர் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி உப்புமா கிண்டுவார். வீட்டில் ஒரு டம்ளரைக் கூட நகர்த்தாத மனிதர் அங்கே போனால் பெரிய சமையல்காரராகிவிடுவார்.

ஒன்றுதான் குறை. சரியான கத்தி இல்லை. ஒருமுறை சமையல் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனோம். போய்ச் சேர்வதற்குள் அது காகிதத்தைக் கிழித்து, ரவைப் பொட்டலத்தைக் கிழித்து, பையையும் கிழித்துவிட்டது. ரவை வழி நெடுகச் சிந்தியிருந்தது. இன்னொரு முறை அவருடைய மடக்குக் கத்தி. வேரோடு ஒரு செடியை எடுக்க மண்ணைக் குத்தினேன். மூட்டில் மணல் புகுந்து அது பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிட்டது, மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. கல்லூரியில் படிக்கும்போது மலைக்குப் போன இடத்தில் அப்படி ஒரு மடக்குக் கத்தி என் தோழியின் விரல் மேலேயே மடங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு வேண்டியது எது என்று தெளிவாகத் தெரியும். மடங்காத கத்தி, உறையோடு. மண்ணும் தோண்ட வேண்டும், சுள்ளியும் வெட்ட வேண்டும், வெங்காயமும் நறுக்க வேண்டும். ஒன்றே போதும்.

மறுநாளே கிளம்பினோம். என் கைப்பையில் ஒரு முழம் தேங்காய்க் கயிறு, விரல் பருமனில் ஒரு சவுக்குக் குச்சி, இரண்டு பழுத்த தக்காளி.

"இதெல்லாம் எதுக்கு?" என்றார் இவர்.

"வெட்டிப் பாக்காம எப்படி வாங்கறது?"

"கடையிலயா? தக்காளியா?" அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

முதலில் மவுண்ட் ரோடில் வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மான்கொம்புப் பிடி போட்ட சீமைக் கத்தி ஒன்று வெல்வெட்டின் மேல் படுத்திருந்தது. முழங்கை நீளம். நான் தக்காளியை வெளியே எடுத்ததும் விற்பனையாளர் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டார். "மேடம், இது வேட்டைக்கு" என்றார். விலையைச் சொன்னார். அந்த விலைக்கு எனக்கு இரண்டு பட்டுப்புடவை எடுத்து, இவருக்கு வேஷ்டியும் எடுத்திருக்கலாம். இவர் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக வெளியே அழைத்து வந்தார். தக்காளி என் கையிலேயே இருந்தது.

பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ஒருவர் துணி விரித்து விதவிதமான மடக்குக் கத்திகளைப் பரப்பி வைத்திருந்தார். "இன்னா மா வோணும்? பட்டன அமுக்குனா டக்குனு வரும் பாரு" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். டக்கென்று வந்தது.

"டக்குனு மூடிக்குமா?" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அது கத்தியோட மூடப் பொறுத்து மா" என்றார். மூவரும் சிரித்துவிட்டோம். மாமியாருக்கென்று, வெங்காயம் உரிக்க ஒரு சின்னக் கத்தி மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டோம்.

கடைசியில் பனகல் பார்க் பக்கம் ஒரு பாத்திரக்கடை. தீபாவளிக் கூட்டம் நெரிந்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. நான் வேண்டியதைச் சொன்னதும் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து நாலைந்து கத்திகளை எடுத்து வைத்தார். "எஸ்டேட்டுக்காரங்க கேப்பாங்கம்மா. அதுக்குன்னு வரவழைக்கது" என்றார்.

தயங்கித் தயங்கி, "வெட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"அதுக்கென்னம்மா, தாராளமா வெட்டுங்க. சும்மா பாத்து வாங்க இதென்ன காலண்டரா?"

அதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கல்லாப் பலகையின் ஓரத்தில் காகிதம் விரித்து ஆரம்பித்தேன். முதல் கத்தி பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பிடியைத் தட்டினால் உள்ளே கடகடவென்றது. இரும்பு பிடிக்குள் பாதி தூரம்தான் போயிருந்தது. அதால் கட்டையைப் பிளக்கப் போனால் பிடி கையிலும் அலகு காற்றிலும் இருக்கும். அடுத்தது எவர்சில்வர். துருப்பிடிக்காது, பளபளப்பும் கண்ணைப் பறித்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி அதில் கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் பிடி மீன் மாதிரி வழுக்கியது. இன்னொன்று ரொம்ப நீளம், அதால் வெங்காயம் நறுக்குவது கடப்பாரையால் காது குடைவது போல.

மிச்சமிருந்ததை எடுத்ததும் கை சொல்லிவிட்டது. அலகு என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். முதுகு தடித்து, வாய் சீராக மெலிந்திருந்தது. பிடியின் கடைசி வரை ஒரே இரும்பு ஓடியது. இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து மூன்று பித்தளை ஆணி அடித்திருந்தார்கள். ஈரக்கையிலும் நகரவில்லை. கயிறு ஒரே இழுப்பில் போயிற்று. குச்சி சீவினால் சுருள் சுருளாக வந்தது. இதற்குள் எங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் தக்காளியைக் காகிதத்தின் மேல் வைத்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வில்லை வில்லையாக வெட்டினேன். ஒரு சொட்டுச் சாறு சிதறவில்லை. யாரோ கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் என் கணவர்!

இட்லிக் குண்டான் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி, "இதுல வெண்டைக்கா நறுக்க வருமா?" என்று கேட்டு, தனக்கும் ஒன்று எடுத்து வைக்கச் சொன்னாள்.

"இது உருக்கு இரும்பும்மா" என்றார் கடைக்காரர். "எவர்சில்வர் மாதிரி இருக்காது. ஈரத்தோட விட்டா துருப்புடிக்கும்."

கடல் பக்கம் போகிறவர்களுக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் சாணைக் கல் எங்கேயும் கிடைக்காத இடத்தில், ஒரு சாதாரணக் கல்லில் தேய்த்தே தீட்டிக்கொள்ளலாம். துருவுக்குத் தேங்காயெண்ணெய் இருக்கிறது. தோல் உறையோடு சேர்த்து அதை வாங்கிக்கொண்டோம். மவுண்ட் ரோடு கத்தியின் விலை எங்கே, பிளாட்பாரத்தின் விலை எங்கே என்று பார்த்தால், இது ஏறக்குறைய நடுவில் நின்றது. இவர் அன்று அதை யாரிடமும் கொடுக்காமல் தானே இடுப்பில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினார்.

தீபாவளி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் காற்றும் மழையும் ஊரைப் போட்டு உலுக்கின. திங்கட்கிழமை காலை வானம் வெளுத்தது, ஆனால் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். இவரும் லீவு சொல்லிவிட்டார். புயலுக்குப் பிறகு கரையில் என்னென்ன ஒதுங்கியிருக்கும் என்று பார்க்க எனக்கு ஒரே பரபரப்பு. காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

திருவான்மியூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலையின் குறுக்கே ஒரு சவுக்கு மரம் விழுந்து கிடந்தது. அந்தப் பக்கம் கலர் காகிதம் ஒட்டிய ஒரு வேன். வேனைச் சுற்றிப் புதுச்சட்டையும் பட்டுப்புடவையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். உள்ளே வெள்ளைப் புடவையும் தலையில் வலைத்துணியுமாகக் கல்யாணப் பெண் அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

கோவளம் பக்கத்துக் கிறிஸ்தவ மீனவக் குடும்பம் அது. மாப்பிள்ளை வீடு சாந்தோம். பெண்ணின் அம்மா என்னிடம் ஓடி வந்தாள். "பத்து மணிக்குப் பூசை மா. சாமியாரு காத்துக்கினு கீறாரு. எங்க ஆளுங்க தள்ளிப் பாத்தாச்சு, அசையல. கல்யாணத்துக்குப் போறோம்னு அருவா எடுத்தாரல. வீட்ல நாலு கீது!"

மரம் ஒன்றும் பிரமாதப் பருமன் இல்லை, தொடை கனம்தான். ஆனால் அதன் கிளைகள் ஓரத்து வேலிக்கம்பியிலும் காட்டுக்கொடியிலும் போய்ச் சிக்கியிருந்தன. அவற்றை வெட்டிவிட்டால் உருட்டிவிடலாம்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஏற்கெனவே இடுப்பில் கை வைத்திருந்தார்.

"இத்துனூண்டு கத்தியா?" என்றான் பெண்ணின் அண்ணன்.

"ஒரு கட்டை எடுங்கோ, சொல்றேன்" என்றேன். கிளை மேல் கத்தியைப் பதித்து வைத்து, அதன் முதுகில் கட்டையால் அடித்தால் அலகு உள்ளே இறங்கும். கல்லூரியில் மலைக்குப் போனபோது அப்படித்தான் விறகு பிளப்போம். இவர் பிடித்துக்கொண்டார், அண்ணன்காரன் அடித்தான். முதல் கிளை படீரென்று விட்டது. வேன்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். "அட்ரா மச்சி, அட்ரா!" என்று பின்னாலிருந்து குரல். கொஞ்ச நேரத்தில் என் கணவரும் மச்சி ஆகிவிட்டார். ஆபீஸில் ஃபைல் கட்டைத் தூக்கவே பியூனைக் கூப்பிடுகிறவர், சட்டையைக் கழற்றி ஸ்கூட்டர் மேல் போட்டுவிட்டு, பனியன் முழுக்கச் சேறாக, "அடுத்தது! அடுத்தது!" என்று கத்திக்கொண்டிருந்தார். கொடிகளை நான் அறுத்தேன். கடைசிக் கிளையும் விட்டதும் எல்லோரும் சேர்ந்து ஒரு தள்ளு. மரம் புரண்டு ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது.

வேன் கிளம்பவில்லை. பின் சக்கரம் சாலையோர மணலில் புதைந்து சுற்றியது. வெட்டிப் போட்ட கிளைகளையே சக்கரத்துக்கு அடியில் திணித்தோம். பெண் இறங்கினால்தான் கனம் குறையும். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, சக்கரத்தடியில் திணித்த கிளையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு சுள்ளியில் வலைத்துணி மாட்டி ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதேம்மா. ஒரு நிமிஷம்" என்று கத்தியை நன்றாகத் துடைத்தேன். அத்தனை அடி வாங்கியிருக்கிறதே, கூர் இருக்குமா என்று எனக்கே சந்தேகம். வலைத்துணியை விரலில் சுற்றி இழுத்துப் பிடித்து ஓரமாக வைத்து ஒரு இழுப்பு. கத்தரித்த மாதிரி நேராக வந்தது. மறுபக்கத்தையும் அதே அளவுக்கு வெட்டிவிட்டேன். "இப்போதான் அழகா இருக்கு, ரொம்ப நீளமா இருந்தது" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன் கண்ணாடியில் பார்த்தாள். "நெசமாத்தான் நல்லாக்கீது க்கா" என்று சிரித்தாள்.

வேன் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. பெண்ணின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க வராம நாங்க போவ மாட்டோம். வண்டிய எடு நைனா!" என்று என் கணவருக்கு உத்தரவு போட்டாள். அவர் உடனே ஸ்கூட்டரைத் திருப்பினார். கடற்கரைக்குப் போக வந்தவர்கள் கல்யாண வேன் பின்னாலேயே அடையாறு பாலத்தைத் தாண்டிச் சாந்தோமுக்கு வந்து சேர்ந்தோம்.

கோயிலுக்குள் சேற்றுக் காலோடு கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்தோம். பூசை ஆரம்பிக்கும் முன்பே கதை பரவிவிட்டது போலும். முன்வரிசைகளிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் ஒருமுறை திரும்பினான், அவனுடைய அப்பா அவன் தலையைப் பிடித்து நேராக்கினார். மோதிரம் மாற்றியபோது இவர் என் விரலைத் தொட்டார். நான் பார்க்காத மாதிரி பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விருந்தில் பிரியாணி மணந்தது. நாங்கள் சைவம் என்று தெரிந்ததும் பெண் வீட்டார் பதறிப்போனார்கள். "வாழைப்பழம் போதும்" என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். கேட்டால்தானே? பெண்ணின் மாமன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்கே பறந்தார். நாங்கள் வழக்கமாகப் போகும் ஹோட்டலிலிருந்தே தூக்கில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் வாங்கிக்கொண்டு வந்தார். எங்களைச் சுற்றி நின்று எல்லோரும் பரிமாறினார்கள். பெண் தன் கையாலேயே அப்பளம் வைத்தாள். இத்தனை ருசியாக அந்தச் சாம்பார் சாதத்தை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கழுத்தில் ஆளுக்கொரு மாலை. மாமியார் கதவைத் திறந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். "என்னடா இது கோலம்? மறுபடியும் கல்யாணம் பண்ணிண்டு வந்தேளா?"

இவர் வாசலிலேயே நின்று சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்ன கதையில் தொடை கனச் சவுக்கு மரம் ஆலமரமாகிவிட்டது. நான் திருத்தவில்லை. மாமியார் பாதியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் வலைத்துணியை வெட்டியதைச் சொன்னபோது, "ஐயோ பாவம், கல்யாணப் பொண்ணு! அப்பறம்? நேரத்துக்குப் போய்ச் சேந்தாளோ?" என்று இவர் கையைப் பிடித்து உலுக்கினார். சேர்ந்தாள் என்றதும் பெரிதாக மூச்சு விட்டார். பிறகு எழுந்து உள்ளே போய், "ரெண்டு பேரும் குளிச்சுட்டு வாங்கோ. நான் காபி போடறேன். முதல்லேர்ந்து இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றார்.