உச்சி மட்டும் பாக்கி

எங்கள் வீட்டில் குழம்புக் கரண்டிக்கு ஆயுசு குறைவு. அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்த அத்தை, எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஓவியம் படித்தவர், அச்சு இயந்திரம் வாங்க வசதியில்லை. படம் செதுக்கி மை பூசிய மரப்பலகைமேல் தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்தே படம் எடுப்பார். அம்மா புலம்புவாள். பிறகு படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவாள்.

அன்னூர்ப் பக்கம் எங்களுக்குச் சொந்தமான கரட்டில், ஒரு சின்னப் பாறைக்குன்றில், அப்பா கல்குவாரி நடத்தினார். தொண்ணூறுகளில் கோவை வளர்ந்த வேகத்தில் ஜல்லிக்கு ஏகக் கிராக்கி. அண்ணன் கரட்டை உடைக்க உடைக்க, தங்கை அதையே படமாக்கினார். ஒரே பலகைதான். முதலில் கரடு முழுவதையும் வெளிர் மஞ்சளில் அச்செடுத்தார். அப்பா வெடி வைத்துத் தகர்த்த பகுதியைப் பலகையிலும் செதுக்கி எறிந்தார். மிச்சத்துக்கு இன்னும் அடர்ந்த மை பூசி, அதே தாள்மேல் மறுபடி அச்சு. இப்படியே போகப்போக, உடைந்த இடமெல்லாம் வெளிறிக் கிடக்க, உடையாதது மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. செதுக்கியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அது இருவருக்கும் தெரியும்.

கடைசியில் உச்சி மட்டும் பாக்கி. சின்ன வயதில் இருவரும் ஏறி உட்கார்ந்து சண்டை போட்ட பாறை. அந்தப் பழைய கதையை அத்தை எடுக்கவில்லை; கேட்டதெல்லாம் படத்துக்காகத்தான்.

"ஏனுங்ண்ணா, உச்சிய எப்ப எடுக்கறீங்க? நானும் செதுக்கோணுமுங்க. கண்காட்சி நெருங்குது."

"ஏனம்மிணி, நான் தொழில் பண்றதா, உன்ற படத்துக்கு நாள் பாக்கறதா?" என்று அப்பா எரிந்து விழுந்தார். அன்று மாலையே அத்தை அறையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, உச்சியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் நகர்ந்துவிட்டேன்.

அந்த வாரமே ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "மேல கல்லு சரியில்ல அம்மிணி. ஒடச்சா தூளாப் போயிருமாட்ட இருக்குது. உட்டுப்போட்டேன்."

குவாரி மேஸ்திரியும் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கரட்டிலேயே நல்ல கல் உச்சியில்தான் என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். தலை நிமிராமல் ரசஞ்சோற்றைப் பிசைந்தார். அத்தை, "அப்படீங்களா" என்று மட்டும் சொல்லி, அண்ணன் இலையில் தாராளமாக நெய்யை விட்டார்.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். இன்றும் அன்னூர் பஸ்ஸிலிருந்து அந்த உச்சியைப் பார்க்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

கோவைக் கண்காட்சியில் அந்தப் படத்தின்முன் நின்ற ஒருவர், மேலே கறுப்பாக ஒரு திட்டு நிற்கிறதே, இன்னும் வேலை பாக்கியா என்று அத்தையிடம் கேட்டார். அத்தை வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இல்லீங்க. அவ்வளவுதானுங்க. இனி அதுல யாரும் கை வெக்கறதில்லீங்க."