குரங்குக்கு நான் வைத்த தொப்பி

புத்தகத்தில் என் பெயர் வரவேண்டும். பத்து வயதில் எனக்கிருந்த ஒரே லட்சியம் அதுதான்.

பினாங்கில், கெலுகோர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த என் சித்தி, பேராக் மலைகளில் வாழும் செமாய் பூர்வகுடி மக்களின் கதைகளுக்காக, சூலியா தெருப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் ஒருநாள் விழா நடத்தினார். காலையில் அவர்கள் கதை சொல்வார்கள்; பிள்ளைகள் நாங்கள் அதைத் தமிழில் எழுதி மாலையில் வாசிக்க வேண்டும். பிறகு எல்லாம் சேர்ந்து சிறு புத்தகமாகும்.

"அவங்க சொன்னத அப்படியே எழுது லா. கூட்டாத, குறைக்காத. பேரு கண்டிப்பா வரும்" என்றார் சித்தி.

கதை சொன்ன அக்கா மலாயில் நிதானமாகப் பேசினார். ஒரு சிறுமி குரங்குக்குத் துணி சுற்றிவிட்டுச் சிரிக்கிறாள். இடி இறங்குகிறது, ஆறு பெருகி ஊரைச் சூழ்கிறது. அப்புறம் ஏதோ சடங்கு. அக்காவோடு வந்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அது கதையின் குறை என்று எனக்குப் பட்டது.

ஆகவே திருத்தினேன். குரங்குக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். சடங்கு நீளமாக இருந்ததால் வெட்டிவிட்டேன். மாலையில் வாசித்தபோது கூடமே குலுங்கியது.

"கொரங்குக்கு லைசன்ஸ் இருக்கா லா?" என்றார் பின்வரிசை மாமா ஒருவர். மறுபடியும் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து வானம் இடித்தது. பினாங்கில் மாலை மழை என்ன புதிதா? அந்த அக்கா மட்டும் எழுந்தார். மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, பின்னல் நுனியைத் தொட்டபடி சித்தியைப் பார்த்தார். சித்தி தலையாட்டினார்.

"செடிகிட் சாஜா, அடேக்." கொஞ்சம்தான், தங்கச்சி.

நறுக்கியதைக் கைக்குள் பொத்திக்கொண்டு கீழே போனார். இடி அடங்கிய பிறகு திரும்பி வந்தபோது முழுக்க நனைந்திருந்தார்.

"என் கதை ரொம்பப் புடிச்சிருச்சு, ஞாபகத்துக்கு என் முடிய வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்று மறுநாள் பள்ளியில் அளந்தேன்.

புத்தகம் வந்தது. ஒலிப்பதிவைக் கேட்டுச் சித்தி கதையைப் பழையபடி ஆக்கியிருந்தார். புரட்டியதில் தொப்பியும் இல்லை, மோட்டாரும் இல்லை. என் பெயர் மட்டும் இருந்தது. ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

போன மாதம் வீடு மாறும்போது அந்தப் புத்தகம் கையில் அகப்பட்டது. முதல்முறையாகக் கதையைக் கடைசிவரை படித்தேன். நான் வெட்டிய பகுதி இவ்வளவுதான்: சிரித்த பிள்ளையின் முடியில் கொஞ்சம் நறுக்கி, பெரியவர் ஒருவர் மழையில் இறங்கி நின்று, அவளை விட்டுவிடச் சொல்லி இடியிடம் கேட்டுக்கொள்வார்.

அந்த வரிக்கு நேர் கீழே என் பெயர் அச்சாகியிருந்தது.