எஸ்தர் மேடம் இழுத்த கண்ணாடி

எஸ்தர் மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிட்டார் என்று நினைத்து, காலையிலிருந்து நானே எலக்ட்ரோடு இழுத்து, எல்லாவற்றையும் உடைத்திருந்தேன். ஆலங்குளத்திலிருந்து அவர் தம்பி பேசினார். “அக்கா எந்திரிக்கல சார். தூக்கத்துலயே போயிட்டா.” கையிலிருந்த கண்ணாடிக் குழாயையும் கீழே போட்டேன்.

தென்காசியில் எங்கள் நரம்பியல் ஆய்வகம் இரண்டே அறை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மெல்லிய கண்ணாடிக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி, சூடாக்கி, முறுக்கி இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத நுனி வரும். அதுதான் எலக்ட்ரோடு. அதை எலி மூளையின் துண்டில் இறக்கினால், ஒரு குழாய் வழியாக ஒரு நியூரானின் பேச்சைக் கேட்கலாம். மற்றவை வழியாக அதற்கு மருந்து கொடுக்கலாம். இழுப்பது எஸ்தர், கேட்பது நான். சாரல் காலத்தில் ஈரக்காற்று பட்டால் சூடு மாறி நுனி கோணிக்கொள்ளும். ஊரே குற்றாலத்தில் குளிர்ந்துகொண்டிருக்க, எஸ்தர் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, எங்களை அவித்தெடுப்பார். “வேர்த்தா தொடைச்சிக்கலாம் சார். நுனி கோணினா நிமித்த முடியுமா?” என்பார்.

ஒரு சீசனில் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. சின்ன ஊரில் இந்தக் கருவிகள் எதற்கு, அள்ளிக்கொண்டு போய்விடலாம் என்பது அவர்கள் எண்ணம். அன்றைக்கென்று தேறியது ஒரே ஒரு எலக்ட்ரோடு. குழுத் தலைவரோ, குற்றாலம் வரை வந்துவிட்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் போவதா என்று போய், அருவியில் நின்றும் போகாத எண்ணெயோடு மினுமினுவென்று வந்து நின்றார். வந்ததும் அந்த எலக்ட்ரோடை எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினார்.

எஸ்தர் குறுக்கே வந்தார். “கைய எடுங்க சார். இது என்ன ஆமவடையா? நீங்க தொட்டா நுனி போயிரும். நுனி போனா லேபும் போயிரும். அங்கன சோப்பு இருக்கு, கழுவிட்டு வாங்க.”

தலைவர் முழங்கை வரை கழுவிவிட்டு வந்து, மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நுனியை இறக்கினேன். ஸ்பீக்கரில் நியூரான் கடுகு போலப் பொரிந்தது. மருந்தை விட்டதும் அடங்கியது. நிறுத்தியதும் மறுபடி பொரிந்தது. “இன்னொரு தடவை விடுங்க” என்று தலைவர் கெஞ்சினார். எஸ்தர் யோசித்துத்தான் அனுமதித்தார். “இந்த அம்மா இருக்கிறவரைக்கும் லேப் இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். அதைக் கேட்டு அன்று நாங்கள் அல்வா வாங்கித் தின்றோம்.

அடக்கம் முடிந்த மறுநாள் சென்னையிலிருந்து போன். வருத்தம் தெரிவித்துவிட்டு, கருவிகளை ஏற்ற லாரி எப்போது அனுப்பலாம் என்றார்கள். “எதுக்கு? நான் இழுக்கேன். வந்து பாருங்க” என்று வைத்துவிட்டேன். பச்சைப் பொய். நான் இழுத்த நுனி ஒன்றுகூட அதுவரை தேறியதில்லை. போனை வைத்த பிறகு, பக்கத்தில் எஸ்தரின் நாற்காலியைப் பார்த்து அழுதேன்.

அவரோடு பழகியவர்களுக்கு இது புரியும். எஸ்தரின் பிடிவாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். அது உடனே வந்துவிட்டது. அவருடைய கைப்பக்குவம்தான் இன்னும் வரவில்லை. குழு வருவதற்குள் வந்தாக வேண்டும்.