புது அட்ரஸும் ஒரு தலைக்கட்டும்

போன வாரம் ஒரு மத்தியானம். சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் போகிற கார்கள் தென்காசியில் என் தெருவரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இந்த வாரம் உங்களுக்கு என்ன எழுதுவது என்று எரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"தம்பி, இலஞ்சி வரைக்கும் வாரியளா? ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

சங்கரபாண்டியன் அண்ணாச்சி. எனக்குத் தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனும் ஒரு தென்னந்தோப்பும்தான் அவர் குடும்பத்துக்கு ஆதாரம்.

"என்ன பத்திரம் அண்ணாச்சி?"

"தோப்பைக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

வெயிலில் நின்று ஒவ்வொரு கன்றாக வைத்து வளர்த்த மனிதர் அவர். ஏதோ பெரிய ஆஸ்பத்திரிச் செலவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

அப்படி ஒன்றும் இல்லை. அண்ணாச்சி திடமாகத்தான் இருந்தார். மீசையை முறுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரு காயின்ல போடப் போறேன் தம்பி. பிளாக்செயின். கேள்விப்பட்டிருப்பியளே?"

கேள்விப்பட்டிருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே புழங்குகிற ஒரு பணம். புரிந்ததா என்றால்... அதை விடுங்கள்.

"உங்களுக்கு யாரு அண்ணாச்சி இதைச் சொன்னது? பட்டாளத்துல கூட இருந்தவங்க யாராவதா?"

"எவன் சொன்னா என்ன? எம் மவ போடுத கோடு சொல்லுது!"

மகள் கோமதி. சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு இந்த வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பல பிளாக்செயின் நெட்வொர்க்குகளில் தினமும் புதிதாக எத்தனை அட்ரஸ் முளைக்கிறது என்று அளந்து, கோட்டுப் படமாகப் போட்டு அனுப்புவது அவள் வேலை. காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அண்ணாச்சி அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். ஒரு நெட்வொர்க்கின் கோடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. மகளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல் ஆளைப் பிடித்து, விலை பேசி, அக்ரிமென்ட் வரைக்கும் போய்விட்டார்.

"தெனமும் புதுசு புதுசா தலைக்கட்டு சேருது தம்பி. அம்புட்டுப் பேரு வந்து குடியேறுத ஊரு அழியுமா? நீங்களே சொல்லுங்க."

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வரி போடுவது வீட்டுக் கணக்கில் அல்ல, தலைக்கட்டுக் கணக்கில். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. ஒரே வீட்டில் அப்பனும் கல்யாணமான இரண்டு மகன்களும் இருந்தால் மூன்று தலைக்கட்டு. கொடை முடிந்ததும் மைக்கில் ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட்டுப் பிரசாதம் கொடுப்பார்கள். பெண்களை எண்ணுவதில்லையா என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுப் பார்த்தேன். ரசீதை நீட்டினார்கள்.

ஆக, தலைக்கட்டு கூடினால் ஊர் வளர்கிறது என்று அர்த்தம். அண்ணாச்சி பிறந்ததிலிருந்து பார்த்து வந்த கணக்கு அது. அதைத் தூக்கி அப்படியே பிளாக்செயின் மேல் வைத்துவிட்டார். அட்ரஸ் என்றால் வீடு. வீடு என்றால் குடும்பம். நியாயமாகத்தானே படுகிறது? எனக்கும் அப்படித்தான் பட்டது. தலையை ஆட்டினேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது உள் அறைக் கதவு திறந்தது. கோமதி நின்றாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"எப்பா... எந்தத் தோப்பை விக்கப் போறிய?"

"ஏட்டி, உனக்குத்தான் நல்லது செய்யுதேன். பேசாம இரு."

அவள் பேசாமல் இருக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் வைத்தாள். பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

பிளாக்செயினில் அட்ரஸ் என்பது ஆள் அல்ல. கொடுக்கல் வாங்கலுக்கான ஓர் எண், அவ்வளவுதான். அதற்குப் பேர் கிடையாது, ஆதார் கிடையாது, செலவும் கிடையாது. ஒரே ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஆயிரக்கணக்கில் உண்டாக்கலாம். ஓர் எண் முதல்முதலாகக் கணக்கில் தலைகாட்டினால் அது அன்றைய 'புது அட்ரஸ்'. கோடு ஒரு படி ஏறும். குற்றாலம் மெயின் அருவியில் குளித்துவிட்டு, மறுபடி எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்கிறவனை ஒவ்வொரு தடவையும் புது ஆளாக எண்ணினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

"அதனாலதான் சித்தப்பா நான் ரெண்டு கோடு போடுதேன்," என்றாள் என்னைப் பார்த்து. "மேல இருக்கது புதுசா வந்தது. கீழ இருக்கது, வந்ததுல எத்தன திரும்பி வந்துச்சுங்கறது. அப்பா மேல உள்ளதை மட்டும் பாத்திருக்காவ."

கீழே இருந்த கோட்டைப் பார்த்தேன். அது தரையோடு தரையாகக் கிடந்தது.

"வருது, ஒரு தடவ காயின் வாங்குது, அம்புட்டுதான். அதுக்கப்புறம் அசையவே இல்ல. எல்லாத்துக்கும் காயின் போட்டது ஒரே எடத்துல இருந்து. எல்லாத்துக்கும் ஒரே அளவு. ஒருத்தன் ஒக்காந்து செஞ்ச வேலை இது. உங்கள மாதிரி ஆளு பாத்து நம்பிக் காசு போடணும்னுதான்ப்பா செய்யுதான்."

அண்ணாச்சி அசைந்து கொடுக்கவில்லை. "அதெப்படிட்டி இல்லாத ஆளுக்குத் தலைக்கட்டு போடுவான்? எவனாவது செய்வானா?"

"செய்வாங்கப்பா."

"எவன் செய்வான்? நம்ம ஊர்ல ஒருத்தனைக் காட்டு பாப்போம்!" குரல் உயர்ந்துவிட்டது. "தோப்பு யாருக்குட்டி இனி? பெரியவன் கோயமுத்தூர விட்டு வர மாட்டான். நீ நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போயிருவ. குமாரு இருந்தா... அவன் பாத்துருப்பான். இப்ப யாரு பாக்கப் போறா?"

குமார் என்பது சின்ன மகன். முழுப்பேர் திருமலைக்குமார். பண்பொழி முருகனுக்கு நேர்ந்து வைத்த பேர். தோப்பு அவனுக்கு என்றுதான் பேச்சு. கல்யாணமான மறு வருஷம் செங்கோட்டை ரோட்டில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அண்ணாச்சி தோப்புப் பக்கமே அதிகம் போவதில்லை என்று கேள்வி.

கோமதி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மெதுவாகக் கேட்டாள்.

"நம்ம வீட்டுக்குக் கொடையில எத்தன தலைக்கட்டுப்பா?"

அண்ணாச்சி லேப்டாப்பைத் தள்ளி வைத்தார்.

"மூணு," என்று அவளே சொன்னாள். "உங்களுக்கு, பெரியண்ணனுக்கு, குமாரண்ணனுக்கும் சேத்துல்லா நீங்க வரி குடுக்கிய. மைக்குல அவன் பேரக் கூப்புடுதாவ. நீங்க எந்திரிச்சுப் போயி வாங்கிட்டு வாரிய. ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லுதது இல்ல." அவள் குரல் உடைந்துவிட்டது. "அதுவும் இப்படித்தான்ப்பா. பேரு தனித்தனியா இருக்கு. நீட்டுத கை ஒண்ணுதான்."

என்ன பெண் இவள்! இப்படியும் ஒரு வார்த்தை உண்டா? எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. அடுத்த நொடியே, அவள் சொன்னதில் தப்பில்லையே என்றும் தோன்றியது.

அடுக்களை வாசலில் மதினி, அண்ணாச்சியின் மனைவி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ!

அண்ணாச்சி எழுந்தார். தோப்புக்கு விலை பேசியிருந்தவருக்குப் போன் போட்டார். "நான் சங்கரபாண்டியன் பேசுதேன். இன்னைக்கு வராண்டாம். இல்ல... விலை பிரச்சினை இல்ல. தோப்பு குடுக்குததா இல்ல." அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு மழையிலேயே தோப்புப் பக்கம் நடந்தார். குடை கொண்டு ஓடிய மதினியைக் கையால் தடுத்துவிட்டார்.

நான் கிளம்பும்போது கோமதி வாசல் வரைக்கும் வந்தாள்.

"வேற ஒண்ணுமே கெடைக்கலையா சித்தப்பா எனக்குச் சொல்லுததுக்கு?" அழுதுகொண்டே கேட்டாள். "தோப்பைக் காப்பாத்திட்டேன். அப்பாட்ட இருந்து அண்ணனப் புடுங்கிட்டேன்."

வாரா வாரம் உங்களுக்கு ஏதாவது பதில் வைத்திருப்பவன் நான். "போம்மா, உள்ள போ, நனையாத" என்று மட்டும் சொன்னேன்.

வழியெல்லாம் அதே நினைப்பு. ஊரை ஏமாற்ற ஒருவன் இல்லாத ஆளுக்கு அட்ரஸ் போடுகிறான். இல்லாத மகனை இல்லை என்று சொல்ல மனசு வராமல் ஓர் அப்பன் தலைக்கட்டு போடுகிறான். அளந்து பார்க்கிற கோட்டுக்கு இரண்டும் ஒன்றுதானே? இரண்டுக்கும் ஒரே ஒரு படிதான் அது ஏறும். ஏன் வந்தது என்று கோடு கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். நாமோ ஏறுகிறதைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகள், கட்சியில் சேர்ந்த ஆட்கள், என் போனில் என்னைப் 'ஃபாலோ' பண்ணுகிற புண்ணியவான்கள்... வந்தவர்களைத்தான் எண்ணுகிறோம். மறுபடி வந்தார்களா என்று எவன் பார்க்கிறான்?

நேற்று கோமதி போன் பண்ணினாள். கொடைக்கு வரி எழுத விழாக் கமிட்டி இளவட்டங்கள் வீட்டுக்கு வந்தார்களாம். அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். தோப்பிலிருந்து அப்போதுதான் வந்த அண்ணாச்சி, கால் மண்ணைக்கூடக் கழுவாமல் படியில் நின்றிருக்கிறார்.

"அண்ணாச்சி, போன வருசம் மாதிரிதானா? மூணா?"

அண்ணாச்சி சொன்னாராம்:

"மூணுதான். ஆனா ஏலே, அதை வச்சு ஊரு வளந்துருக்குன்னு எவனும் கணக்குப் போட்டுராதீங்க."